ரிவிக்குப் பின்னால் என்ன பெட்டி வைப்பது? வீட்டுத் திரையரங்குக் கணினி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்துகொண்டு நின்றபோதும் ஒருவர் பின்னால் வந்து, "தம்பி, ரிவிக்கு ஒரு கொம்பியூட்டர் வைக்கவேணும், என்ன வாங்கலாம்?" என்று கேட்டார். நான் கடை வைத்திருப்பவன் அல்ல. சொந்தக்காரர் வீடுகளில் நாலைந்து பெட்டி பூட்டிக் கொடுத்த பாவத்துக்கு இந்தப் பெயர். தொலைபேசியில் திரும்பத் திரும்ப அரை மணித்தியாலம் கதைப்பதை விட எழுதி வைத்தால் இணைப்பை அனுப்பிவிடலாம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஸ்மார்ட் ரிவி இருக்கேக்க உந்தக் கொம்பியூட்டர் எதுக்கு?

யூரியூப்பும் நெட்ஃபிளிக்ஸும் மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால் தேவையே இல்லை. இந்தப் பக்கத்தை இத்துடன் மூடிவிட்டுக் காசை மிச்சம் பிடியுங்கள்.

ஹார்ட் டிஸ்க் நிறையப் படம் வைத்திருப்பவர், கலியாணவீடு சாமத்தியவீட்டு வீடியோக்களைக் கசற்றிலிருந்து மாற்றி வைத்திருப்பவர், பென்டிரைவைச் செருகினால் சில படம் ஓடும், சிலது ஓடாது, சிலதில் சத்தம் மட்டும் வராது என்று அலுத்தவர், இவர்களுக்குத்தான் பெட்டி. அது தனி இனம் ஒன்றும் இல்லை. எச்டிஎம்ஐ வயரால் ரிவியோடு கொழுவி, கதிரையில் இருந்தபடி இயக்குகிற சாதாரணக் கணினிதான். ரிவி பத்து வருடம் உழைத்தாலும் அதற்குள் இருக்கும் மென்பொருளைக் கம்பனி அவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருக்காது. பெட்டி வெளியில் இருந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

கடைக்காரர் ஐ7 தான் வேணும் எண்டுறார். உண்மையோ?

இல்லை. வீடியோக் கோப்பு என்பது இறுக்கி மடித்து வைத்த சேலை. ஓடும்போது அதை விரித்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த வேலையைப் புரொசசரின் பொது மூளை செய்தால் சூடேறும், விசிறி இரையும், படம் தடக்கும். விரிப்பதற்கென்றே சிப்புக்குள் தனிப் பகுதி இருந்தால் பெட்டிக்கு வியர்க்கவே வியர்க்காது. ஆகவே கேட்கவேண்டியது இன்ரெல் புரொசசர் ஐ3 ஆ ஐ7 ஆ என்பதை அல்ல, எத்தனையாம் தலைமுறை என்பதை.

எச்.264 என்ற பழைய மடிப்பை எந்தப் பெட்டியும் விரிக்கும். 4கே படங்கள் பெரும்பாலும் எச்.265 இல் வருகின்றன, அதிலும் நிறங்களை நுணுக்கமாகக் காட்டும் 10 பிட் வகை. இன்ரெலில் 6ஆம் தலைமுறை 8 பிட்டை மட்டும் விரிக்கும். 10 பிட்டுக்கு 7ஆம் தலைமுறை வேண்டும். யூரியூப் பாவிக்கும் ஏவி1 என்ற புது மடிப்புக்கு 11ஆம் தலைமுறை. ஏஎம்டி பக்கம், ரைசன் 2200ஜி, 2400ஜி போன்றவை 10 பிட் எச்.265 ஐ விரிக்கும், ஏவி1 ஐ விரிக்காது. தலைமுறையை இலக்கத்திலேயே பார்க்கலாம்: ஐ5-7500 என்றால் 7, ஐ5-10400 என்றால் 10. 2013 இல் வந்த ஐ7-4770 ஐ வாங்கினவர் 4கே படத்தில் திணறும்போது, பக்கத்து வீட்டு ஐ3-7100 சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டில ஒரு பழைய டெஸ்க்ரொப் சும்மா கிடக்கு. அது காணாதோ?

ரிவி 1080பி (முழு எச்டி), படங்களும் அவ்வளவுதான் என்றால் காணும். 4கே வேண்டுமென்றால் மேலே சொன்ன தலைமுறைக் கணக்கில் அது தோற்கும். ஜிரி 1030 போன்ற ஒரு சின்னக் கிராஃபிக்ஸ் அட்டை போட்டால் 10 பிட் எச்.265 உம் 4கே 60 ஹேர்ட்சும் (செக்கனுக்கு 60 தரம் திரை மாறுவது) கிடைத்துவிடும்; அதில் விசிறி இல்லாத வகையும் உண்டு. ஏவி1 அதிலும் இல்லை.

ஆனால் பெரிய பெட்டியின் பவர் சப்ளை விசிறி இரவு பத்து மணிக்கு அறையில் எப்படிக் கேட்கும் என்று ஒருமுறை யோசியுங்கள். மின்பட்டியலும் உண்டு. அலகு கூடக்கூட விலையும் கூடும் நாட்டில் 60, 70 வாட் இழுக்கும் பெட்டியையும் 10, 15 வாட் இழுக்கும் பெட்டியையும் ஒரு தட்டில் வைக்கமுடியாது.

கொழும்பில ஒபிஸ் பாவிச்ச குட்டிப் பெட்டிகள் மலிவா வருதாம். வாங்கலாமோ?

வாங்கலாம். காசுக்குப் பெறுமதி என்று பார்த்தால் என் முதல் தெரிவு அதுதான். டெல் ஒப்ரிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைற்டெஸ்க் மினி, லெனோவோ திங்சென்ரர் ரைனி என்று புத்தகம் அளவில் வரும் பெட்டிகள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் போகிறவரிடம் சொல்லிவிட்டாலும் சரி, இங்கேயே எடுத்தாலும் சரி, கையில் ஒரு பென்டிரைவ் கொண்டு போங்கள். அதில் 10 பிட் 4கே படத் துண்டு ஒன்று இருக்கட்டும். கடையிலேயே போட்டு ஓட்டிப் பாருங்கள். விற்பவர் சொல்லும் ஆயிரம் வார்த்தைக்கு அந்த இரண்டு நிமிடம் மேல்.

இன்னும் மூன்று விசயம். 10ஆம் தலைமுறைக்கு முந்திய பல பெட்டிகளில் எச்டிஎம்ஐ துளை பழைய 1.4 வகை, 4கே யில் 30 ஹேர்ட்சுக்கு மேல் போகாது. ஆனால் பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட் இருக்கும். அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0 க்கு மாற்றும், உள்ளே சிப் உள்ள 'அக்ரிவ்' வகை அடாப்ரர் வாங்குங்கள். சும்மா வயர் மாற்றி சரிவராது. அடுத்து, மின் அடாப்ரர் அந்தக் கம்பனியுடையதாக இருக்கவேண்டும். டெல் பெட்டிகள் வேறு அடாப்ரரைக் கண்டால் புரொசசர் வேகத்தைக் குறைத்துவிடும்.

கடைசியாக, விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி போட இன்ரெலில் 8ஆம் தலைமுறை வேண்டும். 7ஆம் தலைமுறைப் பெட்டி மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் காரணம். என் வீட்டில் ஓடுவதும் அதுதான், விண்டோஸ் இல்லாமல், லிப்ரெஎலெக் போட்டு. அது 'கோடி' என்ற மென்பொருளை மட்டும் ஓட்டும் சின்ன இயங்குதளம். கோடி என்றதும் காசு என்று நினைக்கவேண்டாம், அது இலவசம்.

புதுசா, உத்தரவாதத்தோட வேணும் எண்டால்?

இன்ரெல் என்100 சிப் போட்ட மினி கணினி. 2023 இல் வந்தது, 6 வாட் வகை, எச்.265 10 பிட்டும் ஏவி1 உம் விரிக்கும். படம் பார்ப்பதற்கு இதற்கு மேல் செலவழிப்பது வீண். விளையாட்டுக்கும் சேர்த்து என்றால் அது வேறு பெட்டி, வேறு பட்ஜெட், வேறு விசிறிச் சத்தம்.

ராஸ்பெரி பை சரிவராதோ?

வரும். 2019 இல் வந்த பை 4, 4கே எச்.265 ஐ வடிவாக ஓட்டும். பை 5 இல் எச்.264 க்கான தனிப் பகுதியை எடுத்துவிட்டார்கள், ஆனால் புரொசசர் பலம் கூடியதால் 1080பி யில் குறை தெரியாது. இரண்டிலும் ஏவி1 இல்லை. பெட்டி, அடாப்ரர், கார்ட் எல்லாம் தனித்தனியாக வாங்கிக் கூட்டிப் பார்த்தால் மேலே சொன்ன பழைய ஒபிஸ் பெட்டியின் விலையை நெருங்கிவிடும்.

மலிவான ஆண்ட்ராய்ட் பெட்டி ஒண்டு போதாதோ?

பேர் தெரியாத பெட்டி வேண்டாம். 8கே என்று வெளியில் எழுதியிருக்கும், உள்ளே பழைய சிப் இருக்கும். 2023 இல் இப்படியான மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் வாங்கும்போதே தீநிரல் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதில் உங்கள் கூகிள் கணக்கைத் திறக்கிறீர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

றாம் எவ்வளவு? படம் எதில வைக்கிறது?

லிப்ரெஎலெக் என்றால் 4 ஜிபி, விண்டோஸ் என்றால் 8. இயங்குதளத்துக்கு 128 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. படங்களை எஸ்எஸ்டியில் வைப்பது காசைக் கரைப்பது. அதற்கு ஹார்ட் டிஸ்க் போதும். யூஎஸ்பியில் மட்டும் ஓடும் 2.5 அங்குல டிஸ்க் வசதி, 3.5 அங்குலத்துக்குத் தனி அடாப்ரர் வேண்டும். 4கே புளூரேயின் முழுக் கோப்பு 50 ஜிபிக்கு மேல் போகும், 1 ரிபி அப்படி இருபது படத்தோடு சரி.

டிஸ்கை வேறு அறைக் கணினியில் வைத்து இங்கே ஓட்டுவதானால் வயர் இழுங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து வீடுகளின் சுவர் வைஃபையை விழுங்கிவிடும். 4கே புளூரேயின் வேகம் சில காட்சிகளில் செக்கனுக்கு 100 மெகாபிட்டைத் தாண்டும், ஆகவே இடையில் வரும் சுவிட்சும் ரவுட்டரும் கிகாபிட் வகையாக இருக்கட்டும்.

கனடாவில இருந்து மாமா ஒரு பெட்டியும் அம்பிளிபயரும் கொண்டு வாறார். நேரா கொழுவலாமோ?

பொறுங்கள். இந்த ஒரு கேள்வியில்தான் புகை வந்த கதைகள் அதிகம். கனடாவில் 120 வோல்ற் 60 ஹேர்ட்ஸ், இங்கே 230 வோல்ற் 50 ஹேர்ட்ஸ். பிளக்கை மாற்றினால் வோல்ற்றேஜ் மாறாது. கொழுவ முன் ஒட்டியிருக்கும் லேபலை வாசியுங்கள். 100–240 என்று இருந்தால் பயமில்லை, மடிக்கணினி மாதிரி அடாப்ரர் உள்ள குட்டிப் பெட்டிகள் எல்லாம் அப்படித்தான்.

பழைய பெரிய பெட்டிகளின் பின்பக்கம் சின்னச் சிவப்புச் சுவிட்ச் ஒன்றில் 115 அல்லது 230 என்று எழுதியிருக்கும். 115 இல் விட்டபடி இங்கே கொழுவினால் ஒரு சத்தம், ஒரு மணம், அவ்வளவுதான். அம்பிளிபயரும் சப்வூஃபரும் இன்னும் மோசம். பலதில் 120 மட்டும்தான். அவற்றுக்கு ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போர்மர் வேண்டும், லேபலில் உள்ள வாட்டை விட நன்றாகக் கூடின அளவில். அதன் பாரத்தையும் விலையையும் பார்த்தால், மாமாவிடம் "சொக்கிலேற் காணும்" என்று சொல்வதே உத்தமம்.

லண்டன், பிரான்ஸ், சுவிஸ் பெட்டிகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அங்கேயும் 230 வோல்ற். பிரான்ஸ், சுவிஸ் என்றால் பிளக் மட்டும்தான் வேறு.

கறண்ட் போனால் பெட்டி பழுதாகுமோ? யூபிஎஸ் கட்டாயமோ?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். அந்தக் காலம் இல்லைத்தான், ஆனால் சொல்லாமல் போய்ச் சொல்லாமல் வருகிற கறண்ட் இன்னும் இருக்கிறது. தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது; ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த சனம். கறண்ட் இல்லாமல் இருக்க எங்களுக்குத் தெரியும், ஹார்ட் டிஸ்குக்குத்தான் தெரியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் கோப்புகள் குழம்பும்.

650 விஏ யூபிஎஸ் ஒன்று போதும். உள்ளே 12 வோல்ற் 7 ஆம்பியர்மணி பற்றரி இருந்தால் கணக்குக்கு 84 வாட்மணி, பாதியை எதிர்பாருங்கள். ரிவி 100 வாட் எடுத்தால் இருபது இருபத்தைந்து நிமிடம், கதாநாயகியின் அண்ணன் யார் என்று தெரிவதற்குள் முடிந்துவிடும். ரிவியை யூபிஎஸ்ஸில் கொழுவாமல் பெட்டியையும் ரவுட்டரையும் மட்டும் கொழுவினால் ஒழுங்காக மூட நேரம் தாராளமாகக் கிடைக்கும். பயோஸில் (பெட்டி எழும்பும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) 'கறண்ட் திரும்பியதும் தானாக எழும்பு' என்ற அமைப்பு இருக்கும். நான் அதை நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன். இங்கே கறண்ட் ஒரே தரத்தில் வராது. இரண்டு மூன்று தரம் வந்து போய்த்தான் நிலைக்கும்.

இடி மின்னலுக்கு யூபிஎஸ்ஸும் உதவாது. ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் கேபிளையும் கழற்றுங்கள், அதை எல்லோரும் மறப்பார்கள். மின்னல் அந்த வழியாலும் வந்து ரிவியையும் எச்டிஎம்ஐ ஊடாகப் பெட்டியையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

ரிவி ஸ்ராண்ட் தட்டுக்குள்ள, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால வைக்கலாமோ?

கதவைத் திறந்து வைத்தால் வைக்கலாம். மூடின தட்டுக்குள் பெட்டி தன் சூட்டையே திரும்ப மூச்சு வாங்கும், சித்திரை வைகாசியில் சொல்லத் தேவையில்லை. சோளகம் அடிக்கும் மாதங்களில் தூசியும் சேரும். வருடத்துக்கு இரண்டு தரம் திறந்து தூசு தட்டுங்கள். கடற்கரைப் பக்கம், குருநகர் பருத்தித்துறை மாதிரி இடங்களில், உப்புக் காற்றில் றாம் முனைகள் கறுக்கும். பெட்டி எழும்பாவிட்டால் பழுது என்று முடிவெடுக்க முன் றாமைக் கழற்றிப் பென்சில் அழிறப்பரால் முனையைத் துடைத்துப் பாருங்கள்.

என் முதல் பெட்டி போனது சூட்டால் அல்ல, பல்லியால். பின்பக்கத்தில் ஒரு மூடி இல்லாத இடைவெளியால் புகுந்து பவர் சப்ளைக்குள் போய்விட்டது. பல்லிக்கும் ஆயுள் முடிந்தது, பெட்டிக்கும். அதற்குப் பிறகு எந்த ஓட்டையையும் நுளம்பு வலைத் துண்டால் மூடாமல் விடுவதில்லை.

பெட்டியைத் தொட்டால் சுள் எண்டு கடிக்குது. என்ன செய்யிறது?

எர்த் இல்லை. பவர் சப்ளையில் உள்ள வடிகட்டிக் கொண்டென்சர்கள் வழியாக மிகச் சிறிய மின் கசிந்து இரும்புக் கூட்டுக்கு வரும். எர்த் இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் விரலுக்கு. மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கும் அடாப்ரரை முதலில் எறியுங்கள். பழைய வீடென்றால் எலெக்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் கம்பியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இதே காரணத்தால்தான் எச்டிஎம்ஐ துளைகள் எரிகின்றன. எல்லாவற்றையும் பிளக்கில் இருந்து கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ ஐக் கொழுவுங்கள், பிறகு கறண்ட் கொடுங்கள்.

அம்மாவுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது. ரிமோட்டால ஏலுமோ?

ஏலவேண்டும், இல்லாவிட்டால் பெட்டி உங்களுக்கு மட்டும்தான். ரிவி ரிமோட்டாலேயே பெட்டியை இயக்கும் சிஈசி என்ற வசதி ராஸ்பெரி பையில் உண்டு, சாதாரணக் கணினிகளில் பெரும்பாலும் இல்லை. பை பற்றி மேலே அலட்சியமாகச் சொன்னதை இந்த ஒரு காரணத்துக்காகத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றப் பெட்டிகளுக்கு யூஎஸ்பி முனையோடு வரும் ரிமோட் ஒன்று வாங்குங்கள். பொத்தான் குறைந்தது நல்லது.

ரிமோட் தூரத்தில் இருந்து வேலை செய்யாவிட்டால் பற்றரியைத் திட்டாதீர்கள். யூஎஸ்பி 3 துளைகள் 2.4 கிகாஹேர்ட்சில் இரைச்சல் எழுப்பும். அந்த முனையை ஒரு குட்டி யூஎஸ்பி நீட்சி வயரில் கொழுவி ரிவிக்கு முன்னால் வைத்தால் சரி.

4கே ரிவி, 4கே பெட்டி, எல்லாம் வாங்கியாச்சு. ஆனால் இடையில திரை கறுத்துக் கறுத்து வருது.

வயர். 4கே 60 ஹேர்ட்சுக்குச் செக்கனுக்கு 18 கிகாபிட் ஓடவேண்டும். இரண்டு மீற்றரில் நல்ல வயர் தாங்கும். பத்து மீற்றர் செப்பு வயர் பெரும்பாலும் தாங்காது, வெள்ளைப் புள்ளி மின்னும், திரை கறுக்கும். அவ்வளவு நீளம் வேண்டுமென்றால் ஒளியிழை எச்டிஎம்ஐ வாங்குங்கள். இன்னொன்று, பல ரிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் முழு வேகத்தை அமைப்புகளில் போய்த் திறந்துவிடவேண்டும். 30 ஹேர்ட்சுக்கு மேல் போகவே இல்லை என்றால் ஒபிஸ் பெட்டிக் கேள்வியில் சொன்ன 1.4 துளைதான் காரணம்.

சில படத்தில சத்தம் வரேல்லை. பெட்டி பிழையோ?

பெட்டி பிழையில்லை. 2018 முதல் சாம்சங் ரிவிகளில் டிரிஎஸ் என்ற ஒலி வடிவம் இல்லை. பெட்டி அதை அப்படியே ரிவிக்குத் தள்ளினால் மௌனம். கோடியில் 'பாஸ்துரூ' அமைப்பை நிறுத்துங்கள். பெட்டியே ஒலியை விரித்துக் கொடுக்கும். ரிவி ஸ்பீக்கர் மட்டும் உள்ளவர்களுக்கு இதுவே போதும். 5.1 அம்பிளிபயர் உள்ளவர்கள் பெட்டியை முதலில் அம்பிளிபயரில் கொழுவி, அதிலிருந்து ரிவிக்குக் கொண்டுபோனால் இந்தச் சிக்கலே வராது.

ஆள் நடக்கேக்க படம் உதறுது. எங்கட கலியாண வீடியோவில கோடு கோடா வருது. இரண்டும் ஒரே பிழையோ?

இரண்டும் வேறு. சினிமா செக்கனுக்கு 24 படம். ரிவி 60 இல் ஓடினால் ஒரு படத்தை மூன்று தரமும் அடுத்ததை இரண்டு தரமும் காட்டவேண்டி வரும், கமெரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் அது உதறலாகத் தெரியும். கோடியில் ரிவியின் வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு உண்டு, அதைப் போடுங்கள்.

கலியாண வீடியோ வேறு கதை. இங்கே கசற் காலத்தில் எடுத்தவை செக்கனுக்கு 25 படம், ஒவ்வொன்றும் இரண்டு பாதிக் கோடுகளாகப் பின்னியவை. கை அசைக்கும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி தெரிவது அந்தப் பின்னல்தான். 'டீஇன்ரர்லேஸ்' என்ற அமைப்பைத் திறந்து, ரிவியை 50 ஹேர்ட்சில் விடுங்கள். மாப்பிள்ளை தாலி கட்டும்போது கை இனி இரண்டாகாது.

பெட்டியில நெட்ஃபிளிக்ஸ் 4கே வருமோ?

லினக்ஸ் வகை இயங்குதளத்தில் வராது. விண்டோஸில் வரும், ஆனால் எட்ஜ் உலாவியோ அவர்களுடைய செயலியோ வேண்டும், எச்.265 நீட்சி வேண்டும், ரிவி வரை எச்டிசிபி 2.2 என்ற பிரதித் தடுப்புப் பூட்டு இருக்கவேண்டும். ஒன்று பிசகினாலும் தெளிவு குறையும். 4கே மணித்தியாலத்துக்கு 7 ஜிபி வரை எடுக்கும் என்பதையும் உங்கள் 4ஜி பக்கேஜையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் நெட்ஃபிளிக்ஸை ரிவியிலேயே பார்க்கிறேன்.

தமிழ் சப்ரைட்டில் போட்டால் பெட்டி பெட்டியா, இல்லாட்டில் இங்கிலிஷ் எழுத்துக் குப்பையா வருது.

பெட்டி பெட்டியாக வந்தால் எழுத்துரு இல்லை. தமிழ் யுனிகோட் எழுத்துரு ஒன்றைக் கோடியின் எழுத்துருக் கோப்புறையில் போட்டுத் தெரிவு செய்யுங்கள். கொம்பும் எழுத்தும் இடம்மாறி வந்தால் கோடி பழைய பதிப்பு, புதுப்பியுங்கள்.

ஆங்கில எழுத்துக் குப்பை என்றால் அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதியது. பாமினி எழுத்துருவைப் போட்டால் தமிழ் தெரியும்தான், ஆனால் அடுத்த படத்தின் ஆங்கில சப்ரைட்டில் பாமினியாகிவிடும். இணையத்தில் இலவசமாக இருக்கும் மாற்றி ஒன்றில் யுனிகோடாக மாற்றுங்கள். நேரக் குறிப்பு வரிகளை விட்டு உரையை மட்டும் மாற்றவேண்டும். பிறகு நோட்பாட்டில் திறந்து யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, படத்தின் பெயரையே கோப்புக்கும் வைத்துப் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.